மூன்றரைத் தொன்

மூன்றரைத் தொன் இழுக்கும் என்று
பிக்கப்போடு தந்த புத்தகத்தில் இருக்கிறது.
வெட்டு மெசின் இரண்டு தொன் எண்ணூறு.
பெட்டி அறுநூறு.
மிச்ச நூறு கிலோவுக்குள்
மாற்றுக் கத்தி, பெல்ற், தறப்பாள், டீசல் கான்.
செயினில் காய்ந்துகிடக்கும்
தருமபுரத்துச் சேற்றுக்கு
யாரும் கணக்கு வைக்கவில்லை.

லீசிங்கில் இருபத்தொன்பது மாதம் மிச்சம்.
பொம்பிளை ஓடுகிற வண்டி என்று
ஏக்கருக்கு ஐந்நூறு குறைத்துக் கேட்பவர்களும் உண்டு,
ஏதோ என்னைக் கண்டால்
நெல்லும் பாதிதான் விழும் என்பதுபோல.

முறிகண்டியில் தேங்காய் உடைத்தோம்.
கமலரூபன் கச்சான் வாங்கினான்.
கொக்காவில் தாண்டவில்லை,
டாஷ்போர்டில் செம்மஞ்சளாய் ஒரு விளக்கு.
பிறகு
யாரோ பின்னுக்கிருந்து சட்டையைப் பிடித்ததுபோல
நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்றது.

சத்தமில்லை. புகையில்லை. மணமில்லை.
முன்பு ஓடிய கன்ரர்
சாகப்போவதை ஊருக்கே சொல்லித்தான் நிற்கும்:
இருமும், உதறும், எண்ணெய் கக்கும்.
ஒரு துண்டு ரியூப், கொஞ்சம் கம்பி,
கூடவே நாலு தூஷணம்,
மல்லாவி வரைக்கும் வந்துவிடும்.
இது படித்த பிள்ளை.
கோபம் வந்தால் பேசாது.

மல்லாவியில் தியோகுப்பிள்ளையரின் ஆறு ஏக்கர்
சாய்ந்த கதிரோடு கிடக்கிறது.
கிழக்கே மின்னல்.
மாசியில் மழைக்கு இங்கே என்ன வேலை?

"பாரம் கூடிப்போச்சு" என்றான் கமலரூபன்.
"வரிசை வருசத்தில ஊத்தின டீசலில
பாதி மண்ணெண்ணெய், இப்ப காட்டுது" என்றான்.
"ஜப்பான்காரன் முந்தின மாதிரிச் செய்யிறேல்ல" என்றான்.
மூன்றுக்கும் தலையாட்டினேன்,
மூன்றுக்கும் என்னிடம் காசில்லாததால்.

நாலு மணிக்கு டிலக்சன் வந்தான், மோட்டார்சைக்கிளில்,
உள்ளங்கை அளவுக் கருவியோடு.
ஸ்ரியரிங்குக்குக் கீழே எதையோ கொழுவி
ஆஸ்பத்திரி மிஸ் மாதிரி வாசித்தான்.

"அக்கா, இழுத்து இது பழுதாகேல்ல.
நிண்டு பழுதாகியிருக்கு.
வயல்கரையில ஸ்ராட்டில விட்டிட்டு
ஏசி போட்டுப் படுக்கிறனீங்களோ?
நாலு போனும் சார்ஜ் ஏறும், என்ன?
சைலன்சருக்குள்ள கரி அடைச்சுக் கிடக்கு.
அது எரியவேணும்.
கியரை இறக்கி, பாரத்தோட,
நாற்பது நிமிசம் நிப்பாட்டாமல் ஓடுங்கோ.
மெசினை இறக்காதேங்கோ, பாரம் நல்லது.
முடிஞ்ச கையோட வைக்கோலுக்கு மேல நிப்பாட்டாதேங்கோ,
பத்தும்."

பாரம் நல்லது.
ரெண்டாயிரம் ரூபா வாங்கிக்கொண்டு
இதை எவரும் என்னிடம் சொன்னதில்லை.
சும்மா சொன்னவர்கள் பலர்.

மூன்றாம் கியர். ஊசி இரண்டாயிரத்து ஐந்நூறில்.
கோபுரத்தின் சிவப்பு விளக்கு
பக்கக் கண்ணாடிக்குள் சிறுத்துக்கொண்டே வந்தது.
மாங்குளம் சந்தி.
மல்லாவிக்கு வலப்பக்கம் திரும்பவேண்டும்.
விளக்கு இன்னும் எரிகிறது.
நேரே விட்டேன்.

போன் அடித்தது.
"பிள்ளை, எவடத்தில வாறாய்?"
"கனகராயன்குளம், ஐயா."
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"அங்க எனக்குக் காணி இல்லையே."

கமலரூபனுக்குச் சிரித்ததில் கச்சான் புரைக்கேறியது.
கண்ணாடியில் ஒரு துளி.
வைப்பரைப் போடவில்லை,
போட்டால் மழை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.
ஒரு துளிதான். பிறகு இல்லை.

புளியங்குளத்துக்குக் கிட்ட
வந்ததுபோலவே, ஒரு வார்த்தை சொல்லாமல்,
விளக்கு அணைந்தது.
மிதித்தேன். வண்டி கேட்டது.

அப்போதுதான் புத்தகத்தில் இல்லாத கேள்வி:
பதினொரு மீற்றர் நீளத்தை
விடியப்புறம், இந்த றோட்டில்,
எங்கே திருப்புவது?

கமலரூபன் குதித்து இறங்கிப் பின்னுக்கு ஓடினான்,
கையில் போன் வெளிச்சம்.
வரட்டும், வரட்டும்,
ஒடி, இன்னும் ஒடி,
அக்கா, மதகு, மதகு,
வரட்டும்.